திருநீற்றால் துடைத்த நிலா

எங்கள் வீட்டில் கறுத்துப்போன எதையும் நான் விட்டுவைப்பதில்லை. குத்துவிளக்கென்றால் புளி, வெள்ளிச் செம்பென்றால் திருநீறு, அடிப்பிடித்த சட்டியென்றால் அப்பச்சோடா. வீட்டுக்கு வருகிறவர்கள் சுவாமியறை வெள்ளித் தட்டைப் பார்த்துவிட்டு, "புதுசா வாங்கினீங்களோ?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்க வேண்டுமென்றுதான் தேய்ப்பது. என் கணவர் ஒருமுறை சொன்னார்: "உம்மட்டைச் சந்திரனைக் குடுத்தாலும் களங்கத்தைத் துடைச்சுப்போட்டுத்தான் திருப்பிக் குடுப்பீர்." அவர் பகிடிக்குச் சொன்னார். நான் அதையே செய்துவிட்டேன்.

ஓக்லாந்தில், மவுண்ட் வெல்லிங்டனில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருப்பது இடுப்பளவு உயர மரவேலி. அந்தப் பக்கம் ஒரு ஜப்பானியத் தம்பதி. நாங்கள் இங்கே வீடு வாங்குவதற்கு வெகுகாலம் முன்பே வந்தவர்கள். எங்களுக்குள் அவர்களை ஜப்பான் ஐயா, ஜப்பான் அக்கா என்றுதான் கதைப்போம். அக்காவின் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே தரம், அதனால் ஒருவர் முன் ஒருவர் கூச்சப்பட வேண்டியிருக்கவில்லை. நான் வடை சுட்டால் வேலிக்கு மேலால் ஒரு தட்டுப் போகும். திரும்பி வரும் தட்டில் இரண்டு எலுமிச்சம்பழமோ, அவித்த பயறு வைத்துப் பிடித்த பலகாரமோ இருக்கும். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது அவர்கள் பக்கத்திலும் இருந்தது.

பழைய பெட்டியொன்றை எனக்குக் காட்டியவர் அக்காதான். மழை விடாமல் பெய்த ஒரு பின்னேரம் தன் வீட்டின் தெற்கு அறைக்கு அழைத்துப்போனார். இந்த நாட்டில் வெயில் வடக்கிலிருந்து விழும். தெற்கு அறை என்றால் பூஞ்சணமும் குளிரும்தான். ஓக்லாந்தில் ஈரத்தை விரட்டுவதற்கென்றே வீட்டுக்கு வீடு ஓர் இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கும். இந்த மனிசி என்னவென்றால் தாய்வழியில் வந்த சீதனச் சாமானை வீட்டிலேயே ஈரமான மூலையில் வைத்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை, கேட்டுவிட்டேன். "வறட்சிதான் இதற்கு எதிரி. உள்ளே இருப்பது மரம். அது காய்ந்து சுருங்கினால் மேலே இருக்கும் பூச்சு வெடித்துவிடும்" என்றார்.

அந்தப் பூச்சை அரக்கு என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் நாங்கள் தபாலில் முத்திரை குத்துகிற அரக்கு அல்ல அது. ஒரு மரத்தைக் கீறி வடிக்கிற பால். பச்சையாக மேலில் பட்டால் தோல் கொப்பளிக்குமாம். மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் வெந்துபோவதைப் பற்றியும், சேங்கொட்டைச் சாற்றைப் பற்றியும் நான் சொன்னேன். இரண்டும் அந்த மரத்துக்குச் சொந்தக்காரர்கள் என்றார் அக்கா. அந்தப் பால் காய்வதற்கும் ஈரக்காற்றுத்தான் வேண்டும் என்றார். ஈரத்தில் காய்கிற பொருளை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும், அவர் சிரித்துவிட்டார்.

அது ஓர் எழுதுபெட்டி. உள்ளே மை அரைக்கிற கல், தண்ணீர் சொட்டவிடும் சின்னக் கிண்ணம், தூரிகை. மூடியின் உட்புறம் முழுக்கப் பொன்துகள் தெறித்திருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் நாஷி என்று ஒரு மஞ்சள் பேரிக்காய் விற்கிறார்களே, அதன் தோலில் இருக்கும் புள்ளிகளைப் போல. அந்த வேலைக்குப் பெயரே பேரிக்காயின் பெயர்தானாம். வெளிப்பக்கம் மூடி நிறையக் காற்றில் சாய்ந்த புற்கள். ஈர அரக்கால் கோடு இழுத்து, அது காய்வதற்குள் மெல்லிய குழாயிலிருந்து பொன்தூளைத் தட்டித் தட்டித் தூவுவது. மாக்கியெ என்று பெயர். கோலமாவை விரலிடுக்கால் விடுகிற கை எனக்கு நினைவு வந்தது, ஆனால் இதில் பிழைத்தால் அழிக்க முடியாது. சில புற்கள் தொட்டால் தட்டுப்படும்படி மேடாக இருந்தன. சில பூக்கள் சங்கின் உட்புறம்போல மின்னின. சிப்பி ஓட்டைச் சீவி அரக்கில் பதித்திருக்கிறார்கள். இங்கே சுற்றுலாக் கடைகளில் பாவா என்கிற நீலப்பச்சைச் சிப்பியில் சாம்பல் தட்டு விற்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்த கண்ணுக்கு, அரிசிமணி அளவில் அதே நிறம் எவ்வளவு அடக்கமாக இருந்தது.

புற்களுக்குப் பின்னால் ஒரு நிலா. உள்ளங்கை அகலம். அது மட்டும் கறுத்து, பழைய ஈயச் சட்டியின் அடியைப் போல மங்கிக் கிடந்தது.

நான் எல்லாவற்றையும் பற்றிக் கேட்டேன், அந்த நிலாவைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. ஒருவர் வீட்டுச் சாமானில் ஊத்தை இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதையா? அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது, பாவம், தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை கெட்டவளாக இருந்திருக்கலாம்.

போன குளிர்காலத்தில் அக்கா போய்விட்டார். வருத்தம் என்று படுத்தது கொஞ்ச நாள்தான். அதற்குப் பிறகு ஐயா வேறு ஆளாகிவிட்டார். அடுப்பில் கேத்திலை வைத்துவிட்டுத் தோட்டத்தில் நிற்பார். குளியலறைக் குழாய் திறந்தபடி ஓடும் சத்தம் எங்கள் குசினிக்குக் கேட்கும். ஹென்டர்சனில் இருக்கும் அவர்களுடைய ஒரே மகள் வேலை முடிந்து மோட்டர்வேயில் அடித்துப்பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போவாள். வீட்டில் இருந்த நேரமெல்லாம் ஐயா எதையாவது துடைத்துக்கொண்டே இருந்தார். சன்னல், கதிரை, அக்காவின் பீங்கான்கள், செருப்புகள்கூட. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க எனக்கே பொறுக்காது. துடைப்பதில் என்ன ஆறுதல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

வசந்தத்தில் அவர் அக்காவின் அஸ்தியைக் கொண்டு ஊருக்குப் புறப்பட்டார். போவதற்கு முதல் நாள், ஊதாத் துணியில் சுற்றி முடிச்சுப்போட்ட பெட்டியை வேலிக்கு மேலால் நீட்டினார்.

"மகளின் வீட்டில் ஹீட் பம்ப் இரவு பகலாக ஓடி அறையெல்லாம் காய்ந்து கிடக்கிறது. பெட்டிக்கு ஆகாது" என்றார். "உங்கள் வீடு நல்ல ஈரம்."

வீட்டில் ஈரம் இருப்பதற்காக இந்த ஊரில் ஒருவர் எங்களைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. வெயில் படக்கூடாது, சூடு படக்கூடாது, கையால் தூக்குமுன் மோதிரத்தைக் கழற்ற வேண்டும் என்றார். துடைக்கக்கூடாது என்று சொல்லவில்லை. இன்னொருவர் ஒப்படைத்த சாமானை யாராவது தேய்த்து விளக்குவார்களா என்ன?

தேய்ப்பவள் நான் இருந்தேன். சரஸ்வதி பூசை வந்தது. சுவாமியறையில் கும்பம் வைத்து, அவல் கடலை படைத்து, புத்தகங்களையும் கணவரின் மடிக்கணினியையும் அடுக்கும்போது, வீட்டில் ஓர் எழுதுபெட்டி இருப்பது நினைவு வந்தது. எழுத்துக்கென்றே செய்த பெட்டியைக் கலைமகளுக்கு முன்னால் வைக்காமல் வேறு எதை வைப்பது? மோதிரத்தைக் கழற்றிவிட்டு, முடிச்சை அவிழ்த்து, பட்டுத் துணியின் மேல் எடுத்து வைத்தேன். சந்தனப் பொட்டு வைக்க நினைத்து, கறை பிடிக்கும் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு கவனம் எனக்கு.

விளக்கு வெளிச்சத்தில் அந்த நிலா கண்ணை உறுத்தியது. பொன்புல் எல்லாம் மின்ன, நடுவில் ஓர் ஊத்தை வட்டம். அது வெள்ளி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளி கறுத்தால் என்ன செய்வது என்று எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அக்கா இருந்தபோது செய்து கொடுக்கவில்லை, ஐயா வரும்போதாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்தேன். திருநீற்றுக் கிண்ணம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ஈரத்துணியின் நுனியால் தொட்டு, வட்டமாக, மெதுவாகத்தான் தேய்த்தேன்.

முதலில் துணியில் கறுப்பு இறங்கியது. பிறகு நிலா வந்தது. அப்படியொரு வெள்ளை. நான் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்கமாட்டேன். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் நிழல் இருந்தது, அதையும் எடுத்துவிடலாம் என்று அழுத்தினேன். ஓரம் போய்விட்டது. ஊத்தை அல்ல, நிலாவின் ஓரமே போய்விட்டது. கீழே இருந்த கறுப்பு அரக்குத் தெரிந்தது. பதறிப்போய்த் துணியை எடுத்தால், நிலாவுக்குக் குறுக்கே சாய்ந்திருந்த இரண்டு பொன்புற்களின் நுனியும் துணியோடு வந்திருந்தது. பெட்டியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் பாதி நிலா திட்டுத் திட்டாக நின்றது, சுற்றிலும் கண்ணாடிபோல இருந்த அரக்கு புகைபடிந்ததுபோல மங்கியிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பிறகுதான் போனில் தேடி வாசித்தேன். வாசிப்பதை முதலில் செய்திருக்க வேண்டியவள். வெள்ளித் தூள் கறுக்கும் என்று தெரிந்தேதான் அந்தக் காலத்து ஆட்கள் தூவியிருக்கிறார்கள். ஆண்டுகள் போகப் போக நிலா மேகத்துக்குள் போவதுபோல இருக்குமாம். அதை விரும்பித்தான் வைத்திருப்பார்களாம். அந்தத் தூள் மாவைவிட மெல்லிய படலம், மேலே ஒரு மூச்சளவு அரக்கு. எங்கள் வீட்டுச் செம்பு முழுக்கக் கெட்டி வெள்ளி, எத்தனை தலைமுறை தேய்த்தாலும் தாங்கும். நான் தேய்த்தது ஒரு பூச்சை.

ஐயா திரும்பி வந்ததும் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். துணியில் சுற்றி, முடிச்சை அவர் போட்டிருந்த மாதிரியே போட முயன்றிருந்தேன். சொல்லிவிட வேண்டுமென்றுதான் போனேன். அவர் முற்றத்தில் நின்று, அக்காவின் சாம்பலைக் குடும்பக் கல்லறையில் வைத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு கொஞ்சமாக இருந்தது என்று கையைக் குவித்துக் காட்டினார். அந்தக் கைக்கு முன்னால் நின்று, உங்கள் மனைவியின் பெட்டியைச் சாம்பலால் தேய்த்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? திருநீறு என்று சொன்னாலும் ஆங்கிலத்தில் அது சாம்பல்தானே. இன்னொரு நாள் சொல்லலாம் என்று வந்துவிட்டேன். இப்போது யோசித்தால் அது சாக்கு. எனக்குப் பயம், வேறொன்றுமில்லை.

அவர் முடிச்சை அவிழ்க்கவில்லை. பெட்டி அப்படியே தெற்கு அறைக்குப் போனது. ஒவ்வொரு நாளும் வேலிப் பக்கம் பார்ப்பேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்.

ஒரு சனிக்கிழமை வடைத் தட்டோடு போனபோது மகள் வந்திருந்தாள். மேசையில் பெட்டி. ஊதாத் துணி விரிந்து கிடந்தது.

"அப்பா, இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மாவின் நிலாவுக்கு என்ன நடந்தது?"

ஐயா பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். கள்ளனுக்குத் தேள் கொட்டியதுபோல நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன்.

"நான்தான்" என்றார் அவர். "போவதற்கு முன் எல்லாவற்றையும் துடைத்தேன். இதையும் துடைத்திருக்கிறேன்."

மகளின் முகம் வெளுத்துவிட்டது. அவள் கோபப்படவில்லை, அதுதான் மோசம். மெல்லத் துணியை மூடினாள். கேத்தில், குழாய், இப்போது இது என்று வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது. நான் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பார்வைக்கு வேறு அர்த்தம் எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு பெரிய மனிதர் என்று கணவரிடம் சொல்லி அழுதேன். அழுகையோடு கொஞ்சம் நிம்மதியும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவருக்குத் தெரியும், என்னை மன்னித்துவிட்டார், இனி நான் வாயைத் திறந்தால் அவருடைய பெருந்தன்மையைக் கெடுத்துவிடுவேன் என்று எனக்கே ஒரு கதை சொல்லிக்கொண்டேன்.

"அந்த மனுசன் உமக்காண்டிப் பொய் சொல்லிப்போட்டார்," என்றார் கணவர். "அதை எவ்வளவு காலத்துக்கு வைச்சுத் தின்னப் போறீர்? போய்ச் சொல்லிப்போட்டு வாருமன்."

"நீங்கள் சும்மா இருங்கோ. அவர் மறைச்சதை நான் ஏன் கிளறுவான்?"

சொல்வதற்குப் பதிலாகச் சமைத்தேன். இடியப்பம், சொதி, பிட்டு, பால்கறி என்று வேலிக்கு மேலால் போய்க்கொண்டே இருந்தது. ஐயா வாங்கிக்கொண்டார், ஆனால் தட்டுகள் திரும்பி வரவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததில்லை. உள்ளூரக் கோபம் போல, இருக்கட்டும், அதற்கு நான் தகுதிதான் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு நாள் பின்னேரம் மகள் எங்கள் கதவைத் தட்டினாள். கையில் என் தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடி.

"மன்னியுங்கள், எல்லாம் அவருடைய கட்டிலுக்கடியில் இருந்தன," என்றாள். "திருப்பிக் கொடுத்தாயிற்றா இல்லையா என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லையாம். உங்களிடம் கேட்க வெட்கமாம்."

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். புக்கெகோஹிப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருப்பதாகச் சொன்னாள். சுற்றிவரக் காய்கறித் தோட்டங்கள், நல்ல இடம்தான். வீட்டை ஒழுங்குபடுத்த என் உதவி தேவைப்படலாம் என்றாள். ஐயா ஒருநாளும் சம்மதிக்கமாட்டாரே என்று கேட்டேன்.

"அவர்தான் போகிறேன் என்று சொன்னார்," என்றாள். "கேத்திலையும் குழாயையும் நான் சொன்னபோது சண்டை பிடித்தார். அந்தப் பெட்டிக்குப் பிறகு சண்டை இல்லை. எந்தத் துணியால் துடைத்தேன், எந்த நாள் என்று உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருக்கிறார். ஒன்றும் நினைவு வரவில்லையாம். அவளுடைய நிலாவை அழித்துவிட்டு அதையே மறந்துபோகிறவன் தனியே இருக்கக்கூடாது என்கிறார்."

அவர் எதையும் மறைக்கவில்லை. என்னைக் காப்பாற்றவுமில்லை. அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வை, நான் இதைச் செய்ததை நீயாவது கண்டாயா என்று ஒரு சாட்சியைத் தேடின பார்வை. நான் பெரிய மனசு என்று கும்பிட்டது, தன் புத்தி கழன்றுவிட்டது என்று ஒரு மனிதன் பயந்து நின்றதை.

"அது நான்," என்றேன். தமிழில்தான் வந்தது. அவள் விளங்காமல் பார்க்க, ஆங்கிலத்தில் திரும்பவும் சொன்னேன். சொல்லிமுடித்ததும் அவள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். கதவடியில் திரும்பி, "அவரிடம் நீங்கள் சொல்லுங்கள், இப்போதே" என்றாள். நான் அவளுக்குப் பின்னால் போனேன். சுற்றிப் போகப் பொறுமையில்லாமல் இருவரும் வேலியைத் தாண்டினோம். என் வயதில்.

ஐயா தெற்கு அறையில் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பூசை, விளக்கு, வெள்ளி. அவர் கவனமாகக் கேட்டார்.

"எதனால் தேய்த்தீர்கள்?"

அந்தச் சொல்லைக் கடைசியில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "சாம்பல். நாங்கள் கும்பிடுகிற சாம்பல்."

அவர் விரலை நிலாவுக்கு மேலே, தொடாமல் வைத்திருந்தார். மகள் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"நான் இல்லையா?" என்று கேட்டார்.

"நீங்கள் இல்லை."

"நிச்சயமாக?"

"நிச்சயமாக. நான்தான். இந்தக் கையால்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நல்லது என்றும் இருந்தது. அவர் மேசையைப் பிடித்து எழுந்து நின்றார். நேராக நின்று, எனக்கு முன்னால் இடுப்பு மடியக் குனிந்து, நன்றி என்றார்.

அவர் புக்கெகோஹிக்குப் போகவில்லை. கேத்திலை இப்போதும் சில நாட்களில் மறந்துவிடுகிறார். மகள் தானாக அணைகிற ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள், என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க அவளுக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. தட்டுகள் மறுபடி எலுமிச்சம்பழத்தோடு திரும்பி வருகின்றன. பெட்டியைச் சரிசெய்ய முடியுமா என்று விசாரிக்கலாம் என்றேன், அவர் வேண்டாமென்றுவிட்டார். அவருக்கு அது அப்படியே தேவைப்படுகிறது.

வீட்டுக்கு யார் வந்தாலும் அதை எடுத்து வருகிறார். மூடியை வெளிச்சத்துக்குச் சாய்த்து அந்தப் பாதி நிலாவைக் காட்டுகிறார். "இதை அழித்தது நான் இல்லை, பக்கத்து வீட்டு அம்மா" என்று சொல்லும்போது அவர் முகம் அப்படி மலர்கிறது. சொல்லிவிட்டு என்னைத் தேடுகிறார். அன்றைக்குத் தேடினாரே, அதே கண்கள். நான் எங்கே நின்றாலும் முன்னால் வந்து, வந்தவர்களைப் பார்த்து, ஓம், நான்தான் என்று சொல்கிறேன்.